மலையில் ரொட்டியும் தொட்டிக் கீரையும்: கோளாறைக் கண்டு திருத்தும் வழி

குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அது இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் தாழ்கிறது. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் நம் அடுப்படி, சமவெளிக்காரரின் குளிர்பதனப் பெட்டியைவிடச் சற்றே வெப்பம் கூடியதாக இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணோ தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண். சமவெளியில் எழுதப்பட்ட சமையல் குறிப்பும் மாடித் தோட்டக் குறிப்பும் இந்த மூன்றையும் அறியாதவை. அவற்றை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் ரொட்டி விரிசல் விட்டு, கீரை மஞ்சளாகும்போது பலரும் தங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கையைச் சந்தேகிக்கும் முன் வெப்பத்தையும் ஈரத்தையும் மண்ணின் புளிப்பையும் பார்க்க வேண்டும் என்பதே குன்னூரில் பல ஆண்டுகளாக ரொட்டி தட்டி, தொட்டியில் காய்கறி வளர்த்து நான் கற்றது. கீழே உள்ளவை எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகள். உங்கள் வீட்டில் எது தென்படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே சென்று படிக்கலாம்.

கேழ்வரகு ரொட்டி தட்டும்போது விளிம்பு வெடிக்கிறது, எடுக்கும்போது உடைகிறது

கோதுமையில் உள்ள இழுவைப் பசை கேழ்வரகில் கிடையாது. ராகி மாவைச் சேர்த்துப் பிடிப்பது அதன் மாவுச்சத்து மட்டுமே. அந்த மாவுச்சத்தும் ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல் வெந்நீரில் ஊறி உப்பினால்தான் பசையாகும். சமவெளியில் கொதிக்கும் தண்ணீரை மாவில் ஊற்றிக் கிளறினால் போதும் என்பார்கள். அங்கே தண்ணீர் நூறு டிகிரியை ஒட்டி இருக்கிறது, மாவும் பாத்திரமும் முப்பது டிகிரியில் இருக்கின்றன, ஆகவே கலவை தேவையான வெப்பத்துக்கு மேலேயே நிற்கும். இங்கே 94 டிகிரித் தண்ணீரை, 12 டிகிரியில் இருக்கும் மாவில், அதே அளவு குளிர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றுகிறோம். கலந்த நொடியிலேயே வெப்பம் 70-ஐ ஒட்டிச் சரிந்து, கிளறி முடிப்பதற்குள் அதற்கும் கீழே போய்விடுகிறது. மாவு பாதி பச்சையாகவே நிற்கிறது; பச்சை மாவு விரியும்.

ஆகவே தண்ணீரை மாவிடம் கொண்டுபோகாமல், மாவைத் தண்ணீரிடம் கொண்டுவர வேண்டும். அடி கனத்த பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை உப்பும் ஒரு சிறு கரண்டி எண்ணெயும் சேர்த்துத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, ஒரு குவளை மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மரக்கரண்டியின் காம்பால் கட்டி தட்டாமல் கிளறி, அடுப்பை அணைத்து, மேலும் பத்து நிமிடம் மூடியே வைத்திருக்க வேண்டும். களி கிண்டும் பழக்கமுள்ள வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொட்டிக்கும் அதே முறை பொருந்தும் என்பதை மட்டும் நினைவூட்டினால் போதும். கை பொறுக்கும் சூட்டில், நீரில் நனைத்த கையால் நன்றாக அழுத்திப் பிசையுங்கள். ஆறிய பின் பிசைந்தால் மீண்டும் வெடிப்பு வரும்.

இப்படிச் செய்தும் விரிகிறது என்றால் ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். விளிம்பு மட்டும் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. ஒவ்வொரு கரண்டியாக வெந்நீர் தெளித்துப் பிசையலாம். நடுவிலும் கோடு விழுந்தால் மாவு கரகரப்பாக அரைபட்டிருக்கிறது. சலித்துப் பயன்படுத்துங்கள், அல்லது வெந்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றைச் சேருங்கள். கோதுமை மாவைக் கால் பங்கு கலப்பதும் ஒரு வழிதான்; ஆனால் சரியாக வேகவைத்த ராகி மாவுக்கு அந்த ஊன்றுகோல் தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம். தட்டுவதற்கு ஈரத்துணியே சிறந்தது. துணியோடு கவிழ்த்துக் கல்லில் போட்டு, மேற்புறத்தை நனைத்து, துணியை மெல்ல உரித்தெடுத்தால் ரொட்டி உடைவதே இல்லை.

கம்பு மாவுக்கும் இதே முறைதான். அதில் கசப்பு தெரிந்தால் அது சமையலின் பிழை அல்ல. கம்பில் கொழுப்பு மிகுதி. அரைத்து வைத்த மாவு சில வாரங்களில் சிக்கு வாசனை பிடித்துக் கசக்கத் தொடங்கும். சிறிது சிறிதாக அரைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சப்பாத்தி கட்டையாகிறது

இதில் இரண்டு வேறுபட்ட கோளாறுகள் ஒரே பெயரில் நடமாடுகின்றன. கல்லிலிருந்து எடுத்த உடனேயே விறைப்பாக இருக்கிறதா, எடுக்கும்போது மென்மையாக இருந்து கால் மணி நேரத்தில் விறைக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எடுத்த உடனேயே விறைப்பு என்றால் குறை மாவிலோ தீயிலோ இருக்கிறது. முழுக் கோதுமை மாவின் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். குளிரில் அது இன்னும் மெதுவாகும். குழாய்த் தண்ணீரில் பிசைந்து இருபது நிமிடம் வைக்கும் வழக்கம் இங்கே போதாது. கை வெதுவெதுப்பாக உணரும் வெந்நீரில், ஒட்டுமோ என்று ஐயம் வரும் அளவுக்குத் தளர்வாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, அடுப்புக்கு அருகே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். விரலால் அழுத்திய பள்ளம் துள்ளி எழாமல் அப்படியே நின்றால் மாவு தயார். தேய்க்கும்போது மாவு சுருங்கிக்கொண்டே வந்தால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். தீ குறைவாக இருந்தாலும் இதே விறைப்பு வரும். மலையில் ஈரம் விரைவாக ஆவியாவதால், மெல்லிய தீயில் நெடுநேரம் கிடக்கும் சப்பாத்தி அப்பளமாகிவிடுகிறது. கல்லை ஐந்து நிமிடமாவது காயவிட்டு, பெருந்தீயில் விரைந்து வாட்டி எடுங்கள்.

மென்மையாக வந்து பிறகு விறைத்தால் குறை உங்களிடம் இல்லை. வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக நடக்கும்; அதாவது குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில். உதகையின் குளிர்கால இரவு அடுப்படி அதற்கு வெகு அருகில் இருக்கிறது. சப்பாத்திப் பெட்டியில் முதலில் வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் கொட்டி, துடைத்து, பருத்தித் துணி விரித்து, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். துணியில்லாமல் அடுக்கினால் மூடியிலிருந்து நீர் சொட்டி மேல் சப்பாத்தி நைந்துபோகும். காலையில் விறைத்துக் கிடக்கும் சப்பாத்தியின் மேல் நீர் தெளித்துக் கல்லில் சூடாக்கினால் இளகும். அந்த இளக்கம் சூடு ஆறும் வரைதான்.

சப்பாத்தி உப்பவில்லை

பெரும்பாலும் கல் காயவில்லை. கல்லில் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உருண்டோடி மறைய வேண்டும். தங்கிக் கொதித்தால் இன்னும் காய வேண்டும். குளிர்காலக் காலைகளில், சிலிண்டர் தீரும் தறுவாயில், எரிவாயுவின் அழுத்தம் குறைந்து தீ சோர்ந்து எரிவதைப் பலர் கவனிப்பதில்லை. உருளையைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கலாம். அதன் மேல் வெந்நீர் ஊற்றுவதும், கணப்புச் சட்டிக்கு அருகே நகர்த்துவதும் உயிருக்கே ஆபத்தானவை. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கீரை சேர்த்ததும் மாவு நெகிழ்ந்து கையில் ஒட்டுகிறது

தொட்டியிலிருந்து பறித்த கீரையை ரொட்டியில் சேர்ப்பவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது சிக்குவார்கள். உப்பு பட்டதும் கீரை நீர் விடும். பிசைந்தபோது சரியாக இருந்த மாவு அரை மணியில் கூழாகும். மேலும் மேலும் மாவு தூவுவது பலரும் செய்வது. அதனால் ரொட்டி தடித்து, உள்ளே வேகாமல் போகிறது.

வரிசையை மாற்றினால் போதும். பாலக், வெந்தயக் கீரை, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை எதுவானாலும் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போன பின் பொடியாக நறுக்கி, உப்பைக் கீரையில் மட்டும் போட்டுப் பிசறிக் கால் மணி வையுங்கள். நீர் விட்ட கீரையோடு மாவைச் சேர்த்து, அந்த நீரிலேயே பிசைந்து, போதாததற்கு மட்டும் வெந்நீர் சேருங்கள். மூடுபனி நாட்களில் பறிக்கும் கீரை இலைக்குள்ளேயே நீர் மிகுந்திருக்கும். அன்று வெந்நீர் தேவைப்படாமலே போகலாம். துருவிய காரட்டுக்கும் மேரக்காய்க்கும் (சௌசௌ) இதுவே முறை. பீட்ரூட் ரொட்டி கல்லில் பழுப்பாவதைக் கண்டு வருந்துபவர்கள் சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதன் நிறம் ஓரளவு தங்கும்.

விதை முளைக்கவே இல்லை

விதையைக் குறை கூறும் முன் நாட்களை எண்ணுங்கள். குளிர்ந்த மண்ணில் காரட்டும் கொத்தமல்லியும் முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம். ஐந்தாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் பாதி விதையை அழிக்கிறார்கள். தொட்டியை வெயில் படும் சுவரோரம் வைத்து, மேலே கண்ணாடித் துண்டு ஒன்றால் மூடி, முளை தென்பட்டதும் எடுத்துவிடுங்கள். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது சமவெளியின் அறிவு. ஆடியில் உதகைப் பக்கம் தென்மேற்கு மழையும் காற்றும் நாற்றைப் புரட்டிப் போடும். இந்த மலையின் உழவர்கள் ஆண்டைக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வேறு கணக்கில் பிரித்திருக்கிறார்கள். தொட்டிக்கும் ஏப்ரலை ஒட்டித் தொடங்கும் கார்போகமே எளிது. புதிதாகத் தொடங்குபவர் அப்போது தொடங்கட்டும்.

முளைத்தது, இரண்டு இலையோடு நின்றுவிட்டது; இலை மஞ்சள் அல்லது ஊதா

நான் மிக நீண்ட காலம் தவறாகப் புரிந்துகொண்டிருந்த கோளாறு இது. தொடக்கத்தில், வீட்டின் பின்புறத் தேயிலைச் சரிவிலிருந்து கருத்த, வளமான மண் என்று நம்பி எடுத்துவந்து செடி வளர்க்கும் பைகளை நிரப்பினேன். பாலக் முளைத்தது, இரண்டு இலை விட்டது, பிறகு ஆறு வாரம் அசையவில்லை. உரம் போதவில்லை என்று எண்ணி, தேநீர் வடிகட்டிய சக்கையைத் தினமும் கொட்டினேன். அது நிலைமையைச் சற்றும் மாற்றவில்லை.

தேயிலை விரும்பும் அமில நிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை. பாலக்குக்கும் பீட்ரூட்டுக்கும் வேண்டியது 6 முதல் 7. தேயிலை செழித்த மண் என்பதே கீரைக்கு ஆகாத மண் என்பதற்கான அடையாளம். புளிப்பு மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கிறது. உரம் இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. அமிலம் காட்டும் தாள்கட்டு ஆய்வுக்கூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு மழைநீரில் கலக்கி, அரை மணி தெளியவிட்டு, தெளிந்த நீரில் தாளை நனைத்துப் பாருங்கள். 5.5-க்குக் கீழே இருந்தால் 10 கிலோ மண்ணுக்கு 20 கிராம் அளவில் டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, ஈரப்படுத்தி, மூன்று வாரம் பொறுத்து விதையுங்கள். கணப்புச் சாம்பலும் புளிப்பை முறிக்கும், சாம்பல் சத்தையும் தரும். பைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், டோலமைட் போட்ட பையில் அதுவும் வேண்டாம். முட்டை ஓடு நல்லதுதான், ஆனால் இந்தக் குளிரில் அது கரைவதற்குள் பயிர் முடிந்துவிடும்.

மண் சரியாக இருந்தும் தக்காளி, முட்டைக்கோஸ் நாற்றுகளின் இலையடி டிசம்பரில் ஊதாவாக மாறினால், அது குளிர்ந்த வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறுவதன் அறிகுறி. மேலும் உரம் கொட்டாமல் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, வெயில் ஏறும் வரை பொறுங்கள். அடி இலைகள் மட்டும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. குளிர் மாதங்களில் மண்ணுயிர்கள் மந்தமாக இருப்பதால் மண்புழு உரம் கரைந்து செடிக்குச் சேர நாளாகும். அப்போது ஊறிய கடலைப் புண்ணாக்கின் தெளிநீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவது விரைவில் பலன் தரும். புண்ணாக்கு ஊறவும் இங்கே கூடுதலாகச் சில நாட்கள் ஆகும்.

மண்மேல் பச்சைப் பாசி, தண்டின் அடி அழுகல்

மாடித் தோட்டக் குறிப்புகள் பெரும்பாலும் மண், தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கச் சொல்கின்றன. வெயில் கொளுத்தும் ஊர்களில் நார்க்கழிவு ஈரத்தைக் காப்பாற்றும். வடகிழக்குப் பருவமழையைப் பெருமளவு வாங்கும் குன்னூரிலும் கோத்தகிரியிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே கலவை பிழியாத துணிபோல ஊறிக் கிடக்கும். நார்க்கழிவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்; மிச்சத்துக்குப் பருமணலும் உடைத்த கரித்துண்டும் சேருங்கள். பையைத் தரையோடு வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகள் வேரால் அடைபட்டுள்ளனவா என்று மாதம் ஒருமுறை குச்சியால் குத்திப் பாருங்கள். நீர் ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பது கடிகாரம் பார்த்து ஊற்றுவதைவிட மேல். ஏற்கெனவே அடி அழுகிய நாற்றை மீட்க முடியாது; அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

தக்காளியின் இலையில் நீர் கோத்ததுபோல் கரும்பச்சைத் திட்டும், அதனடியில் வெண்பூசணமும் தெரிந்தால் அது பின்பருவ இலைக்கருகல். உருளைக்கிழங்குக்கும் அதே நோய் வரும். இலை நனைந்தபடி இருக்கும் குளிர்ந்த நாட்களில் அது ஒரு வாரத்தில் செடியை முடித்துவிடும். மழைபடாத கூரையின்கீழ் வளர்ப்பதே மெய்யான தடுப்பு.

காரட் கிளை விட்டது, முட்டைக்கோஸ் பகலில் துவள்கிறது

காரட் பல கால்களாகப் பிரிவதற்குக் கல், மட்காத சாணம், நாற்றுப் பிடுங்கி நடுதல் ஆகிய மூன்றும் முக்கியக் காரணங்கள். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பையில், சலித்த மண்ணில், நேரடியாக விதைத்து, விரலிடை விட்டுக் கலைத்துவிடுங்கள். கிழங்கின் தோள் மண்ணுக்கு வெளியே தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும். மண் அணைக்க வேண்டும்.

முட்டைக்கோஸ் அல்லது காலிஃபிளவர், மண் ஈரமாக இருந்தும் பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால், பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கதாயுதம்போல வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். புளிப்பு மண்ணில்தான் அது செழித்து வளரும், அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தப் பையின் மண்ணில் கோஸ் இனமோ முள்ளங்கியோ மீண்டும் வைக்கக் கூடாது. பிறரின் உருளைக்கிழங்கு வயல் மண்ணையும் தொட்டிக்காக வாங்காதீர்கள். நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு மண்ணோடுதான் இடம்விட்டு இடம் போகிறது.

காட்டெருமையும் குரங்கும்

காட்டெருமை மேயும் தெருவில் தொட்டிகளை மாடிக்கு ஏற்றுவதே தீர்வு. எங்கள் அவரைப் பந்தல் ஒரே இரவில் போன பிறகு நாங்கள் அதைத்தான் செய்தோம். குரங்குக்குக் கம்பிவலைக் கூண்டைத் தவிர எதுவும் நிற்கவில்லை. அவை வெந்தயக் கீரையை ஏனோ தொடுவதில்லை. எங்கள் வீட்டு அளவில் கண்டது அது.

காலையில் இலைகள் வெந்ததுபோல் தொங்குகின்றன

இது உறைபனி. மேகமில்லாத, காற்றசையாத இரவில், பள்ளமான இடத்தில்தான் அது கடுமையாக விழும். தரையில் உள்ள செடியைவிடத் தொட்டிச் செடிக்குப் பாதிப்பு மிகுதி; சுற்றிலும் குளிர் தாக்குவதால் வேர்வரை உறையும். மாலையில் வானம் தெளிந்து காற்று நின்றால், தொட்டிகளைத் தாழ்வாரத்தில் நெருக்கி வைத்து, இலையில் படாதபடி குச்சி நட்டுச் சாக்கால் மூடுங்கள். உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கொத்துகளைக் கொண்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்; மிலார் கிடைக்கும் இடங்களில் அதுவே போதும். பகலிலேயே மண்ணுக்கு நீர் விட்டிருந்தால் ஈரமண் வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளிவிடும். காலையில் வெயில் ஏறியதும் மூடியை அகற்ற மறக்காதீர்கள்.

பனி பட்டுவிட்டால் கருகிய இலைகளை அன்றே கத்தரிக்காதீர்கள். அவை உள்ளே இருக்கும் குருத்துக்கு மறுநாள் பனிக்குப் போர்வையாகும். உரமும் வேண்டாம். பாலக், பீட்ரூட், கோஸ் ஆகியவை பெரும்பாலும் நடுக்குருத்திலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. பீன்ஸும் தக்காளியும் மீள்வதில்லை. பனி நின்ற பின், புதுத் துளிர் விரலளவு வந்ததும் பழைய இலைகளை நீக்கி, முதல் முறையாகக் கடலைப் புண்ணாக்குத் தெளிநீர் கொடுங்கள். துளிரே வராத தொட்டியை மட்டும் பிப்ரவரி கடைசியில் கவிழ்த்து, மண்ணைப் பரப்பி உலர்த்தி, கார்போக விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாக டோலமைட் கலந்து வையுங்கள்.